ஆட்டுக்குட்டியைச் சுமந்த தலைவர்

ஜவ்வாது மலை
24-5-2021, திங்கள் மாலை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அம்சவல்லி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலம். உங்கள் அப்பாதான் நலமாக இல்லை. காற்றில் செல்போன் டவர் படுத்து நான்கு நாளாகிறது. புளி லாரி வெற்றிவேல் அண்ணன் ஆலங்காயத்தில் இறங்கியதும் இதைப் படம்பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவார். உங்கள் கட்சித் தலைவர் வேலையை ஓரமாக வைத்துவிட்டு முழுதும் படியுங்கள்.

மாமாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். நேற்று நர்சம்மா விரலில் கருவியை மாட்டிப் பார்த்து ஆக்சிஜன் எண்பத்தெட்டுதான் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

இன்று காலை ஆம்புலன்ஸ் வந்தது. உங்கள் தலைவர் கொடுத்த வண்டி. அதன் பக்கத்தில் நீங்கள் செய்த படம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. வெள்ளை அங்கி, தலையைச் சுற்றி ஒளி, கையில் கோல், தோளில் ஆட்டுக்குட்டி. கீழே, ‘உங்களைச் சுமப்பேன்’. லட்சம் பேர் லைக் போட்டார்கள் என்று பூரித்தீர்களே, அதே படம். திருப்பத்தூர் கான்வென்ட் ஹாஸ்டலில், தொலைந்த ஆட்டைத் தேடிச் சுமந்து வரும் மேய்ப்பர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஏழு வருஷம் சோறு தின்றவள் நான், எனக்குப் புரிந்தது. ஊருக்கு எப்படிப் புரியும்? நம் மலையில் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தால் எங்கே போகிறார்? கோயிலுக்கு, வெட்ட. இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது தோன்றவில்லையா? தலைவருக்குச் சாமி வேஷம் போடும் அவசரத்தில் ஊரே மறந்துவிட்டதா?

வண்டியைப் பார்த்ததும் பாதி ஊர் காட்டுக்குள் ஓடிவிட்டது. "நம்மள பலி குடுக்கத்தான் இட்டுனு போறாங்க. போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்றார் மங்கம்மாள் பெரியம்மா. முன்பு ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று பேரும் திரும்பவில்லைதான். டிரைவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு ஆலங்காயத்துக்கு இறங்கினார். நாளை காலை பத்து மணிக்கு இன்னொரு தடவை வருவாராம். அதுதான் கடைசியாம்.

மாமா ஓடவில்லை, ஓட மூச்சில்லை. ஆனால் ஏறவும் மாட்டேன் என்றார். மதியம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன், அந்தப் படத்தைச் செய்தது உங்கள் மகன்தான், பயப்படாதீர்கள் என்று. தப்புப் பண்ணிவிட்டேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று கொடுத்தேன். வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பிச் சம்மதம் சொல்லட்டும் என்று காத்திருப்போமே, அது மாதிரி தண்ணீரைத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டார்.

"ரஞ்சித்து அனுப்பின வண்டியா? அப்ப நான் வர்றேம்மா. புள்ள கேட்டா குடுக்க வேண்டியதுதான்" என்றார்.

நாளை ஏறிவிடுவார். அதுவரை நல்லது என்று நான் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. பெற்ற மகனே தன்னை வெட்டக் கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் மலை இறங்கக் கூடாது.

ஊரடங்கு என்று சாக்குச் சொல்லாதீர்கள், தலைவர் கொடுத்த பாஸ் உங்களிடம் இருக்கிறது. உடனே கிளம்பி ஆலங்காயம் வந்து, அந்தப் படத்தை உங்கள் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு அதே வண்டியில் ஏறி வாருங்கள். தூரமாக நின்றாவது ஒரு நிமிஷம் மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டுங்கள். "அப்பா, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம், நானும் வர்றேன்" என்று உங்கள் வாயால் அவர் கேட்க வேண்டும்.

காளியம்மா உங்களைப் பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அம்சவல்லி