சித்தப்பா நடந்த எட்டாயிரம் அடி

வாலு, முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டு, முதல்ல உன் போன்ல இருக்கற சித்தப்பாவோட நடைக் கணக்கு எதையும் டாக்டருக்கு அனுப்பிடாதே. நலம் விசாரிக்கறதுக்கு முன்னாடியே இதைச் சொல்றேன்னா பாத்துக்கோ. கடவுள் புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். போன்லயே சொல்லலாம்னா அவரு பக்கத்துலயே காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

உன் கம்பெனிலேருந்து ஒரு கைக்கடிகாரம் அனுப்பினியே, உள்ள பேட்டரி கிடையாது, அந்தக் காலத்து மாதிரி பல்சக்கரமும் சுருள்வில்லும்தான், கை ஆட ஆடத் தானே சாவி ஏறிக்கும், நாடியையும் நடையையும் எண்ணி உன் போனுக்கு அனுப்பற சில்லு மட்டும் வாரோட கொக்கிக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு பெருமையடிச்சே. எல்லாம் சரி, கை ஆடணுமே. நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுலேருந்து இவருக்கு அசையறது ரிமோட் அமுக்கற கட்டை விரல் ஒண்ணுதான். மூணாம் நாள் பாத்தா முள்ளு நாலு பத்துல நின்னு போச்சு. நின்ன கடிகாரம் வீட்டுல இருந்தா எனக்கு மனசு கேக்காது, அதுவும் இவ்வளவு விலையுள்ள சாமான். கழட்டி என் கையில கட்டிக்கிட்டேன். மாவு பிசைஞ்சேன், துணி துவைச்சேன், மாடிக்கும் கீழயும் ஏறி இறங்கினேன், ராஜா மாதிரி ஓட ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு வாரமா அது என் கையிலதான் இருக்கு.

ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, சித்தப்பா தினம் எட்டாயிரம் அடி நடக்கறாரு, இதை டாக்டருக்கு அனுப்பினா மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடுவாருன்னு சொன்னப்போ என் கையிலேருந்து கரண்டி நழுவிடுச்சு. அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேணுமே. முதுகை நிமித்திக்கிட்டு, "ஏதோ என்னால முடிஞ்சது நடக்கறேம்மா"ன்னாரு. காலையில அஞ்சு மணிக்கு நல்லா அசந்து தூங்கறாருன்னு வேற சொன்னே. அடியே, அது நான் சாமி முன்னாடி கண்ணை மூடி உக்காந்திருக்கற நேரம். பக்திக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத சில்லை வச்சுக்கிட்டு இந்த விலை சொல்லக் கூடாதுன்னு உன் முதலாளிகிட்ட சொல்லு.

கேலி இருக்கட்டும், மாத்திரையைக் குறைச்சு அவருக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது. நேத்து அவர்கிட்டயே கேட்டேன், குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானேன்னு. ரிமோட்டைக் கீழ வச்சிட்டு, "அவ அவ்வளவு சந்தோஷமா சொல்றப்போ இல்லேன்னு எப்படிடி சொல்றது"ன்னாரு. நீயே பேசி அவரை நடக்க வை, நான் எழுதினேன்னு மட்டும் காட்டிக் கொடுத்திடாதே. நகத்தைக் கடிக்காதே, தலையை ஈரத்தோட விட்டுட்டு வேலைக்கு ஓடாதே. ஒரு குறையும் இல்லாம தீர்க்காயுசா இரு கண்ணு.

இப்படிக்கு,
பெக்காட்டியும் உன்னை வளத்து ஆளாக்கின சித்தி

கவரை ஒட்டப் போனப்போதான் ஞாபகம் வருது, போன புதன்கிழமை என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல கடிகாரத்தை ஜன்னல்லயே வச்சிட்டுப் போயிட்டேன். சனிக்கிழமை வந்து பாத்தா வச்ச இடத்துலயேதான் இருந்துச்சு, ஆனா நிக்காம ஓடிக்கிட்டிருந்துச்சு, வாசல்ல கிடந்த அவரு செருப்புல ஈரப் புல்லு ஒட்டியிருந்துச்சு. அந்த மூணு நாள் நடை என்னோடது இல்ல.