சிவப்புக் கைப்பிடி

ஆகஸ்ட் 3, சனி

நீராவிக் குளியல் முடிந்து தலை இன்னும் காயவில்லை. மருமகள் தயீசியா குளித்த கையோடு கொட்டகைக்குப் போய் அந்த வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். பெட்ரோல் வாடை அடுப்பங்கரை வரை வருகிறது. பிறகு எதற்குக் குளித்தாள்?

இன்று நோட்டின் கோடு தெரிகிறது. வலது கண்ணால்தான் எழுதுகிறேன், இடது போன வருஷமே போய்விட்டது. கோடு தெரிகிற வரைக்கும் எழுதிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கையெழுத்தைக் காட்டித்தான் வாத்தியாரம்மா மற்றவர்களைத் திட்டுவாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம். குளிர் இறுகுவதற்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்தக் கண்ணும் அவ்வளவுதான் என்று ஊர் நர்ஸ் சொல்லிவிட்டாள். செப்டம்பர் கடைசியில் வட்டார நகரத்துக்குக் கண் டாக்டர்கள் வருகிறார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அங்கே போக வழி இல்லை. வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்தபோது ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மெசேன் நதியில் போய்ச் சேரும் எங்கள் ஆறு கல்லும் நுரையும்தான், படகு ஓடாது. மிச்சம் சதுப்பு. அதில் போவது மூன்று சக்கர கராக்காத் வண்டி ஒன்றுதான். என் மகன் புரோகோர் கட்டியது. பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின், லாரி ட்யூப்பை ஊதிப் பட்டை சுற்றிய சக்கரங்கள். இந்த ஊரில் வேறு யார் பிள்ளைக்கு அந்த மூளை இருந்தது?

புரோகோர் தூரத்து ஆர்க்காங்கெல்ஸ்க் பட்டணத்தில் வேலையாக இருக்கிறான். கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன். அங்கே அவனுக்கு வேறொருத்தியோடு வேறு வீடு இருப்பது ஊருக்கே தெரியும். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தயீசியா ரொட்டிக்கூடத்து வேலை முடிந்து வந்ததும் என்னைக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். சதுப்பில் மாட்டினால் வெளியே வருவதற்கு எல்லாம் தயார் செய்துவிட்டாளாம். வண்டியை இழுக்கக் கையால் சுற்றுகிற வின்ச் ஒன்று முன்னால் பூட்டியிருக்கிறாள். அதற்கு நீளமான கம்பி வடம். பின்னால் ஒரு தடித்த கட்டை, சங்கிலியோடு. சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் கட்டையை அதன் குறுக்கே கட்டிவிட வேண்டுமாம், சக்கரம் அதை அடியில் இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிடும். இரண்டு பலகை, மண்வெட்டி. வின்ச்சின் கைப்பிடிக்கு ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்திருந்தாள். திருவிழாவுக்கா என்றேன். பாசிக்குள் விழுந்தால் தேடி எடுக்கணுமே என்றாள்.

இவ்வளவு நீள வடம் எதற்கு என்று கேட்டேன்.

"சதுப்பு நடுவுல நிக்கிற குட்டைப் பைன்ல கட்டினா, ஆடுற பல்லு மாதிரி வேரோட வந்துடும். கரையில லார்ச் மரம் நிக்குது பாருங்க, அதுவரைக்கும் எட்டணும்."

"ஆடுற பல்லுன்னு யாரைச் சொல்ற?"

"உங்களைச் சொல்வேனா அத்தை? உங்களுக்குத்தான் பல்லே இல்லையே."

வாய். அந்த வாய்க்குப் பயந்துதான் என் பிள்ளை ஓடினான் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போதும் நினைக்கிறேன், பாதி நாட்களில்.

ஆகஸ்ட் 17, சனி

புரோகோர் வந்திருக்கிறான்!! நண்பனோடு, அவனுடைய சங்கிலிச் சக்கர வண்டியில். உருளைக்கிழங்கு வைத்து ஷாங்கி ரொட்டி சுட்டேன், ஆறு தின்றான். இளைத்திருக்கிறான். அங்கே இருப்பவள் சமைப்பதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போய்விட்டான். தயீசியா அவன் இருந்த நேரமெல்லாம் ரொட்டிக்கூடத்திலேயே கிடந்தாள். நல்லது.

கண் விஷயம் சொன்னேன். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "செப்டம்பர்ல நானே இந்த வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேம்மா. நீ அந்த மூணு சக்கரத்துல குலுங்கிட்டுப் போவியா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். வின்ச்சும் வடமும் கொஞ்ச நாளைக்கு வேண்டும் என்றான், வரும்போது கொண்டுவந்துவிடுவானாம். அவன்தான் கூட்டிப் போகப்போகிறான், பிறகு இங்கே அது எதற்கு? நான்தான் கொட்டகைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளை கட்டிய வண்டி, என் பிள்ளை எடுக்கிறான். யாரைக் கேட்க வேண்டும்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தயீசியா சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மழை. கோடு சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை.

தயீசியா பேசத் தொடங்கினாள், வண்டியைப் பற்றி மட்டும். ரொட்டிக்கூடத்துப் பாய்லர்க்காரனைப் பிடித்துப் பின்சக்கரங்களின் குடத்தில் இரண்டு இரும்பு உருளை பற்றவைத்திருக்கிறாள். படகுக் கயிற்றை அதில் மாட்டி மறுமுனையை எதிலாவது கட்டினால் போதும், சக்கரம் சுற்றச் சுற்றக் கயிறு உருளையில் ஏறி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கயிறு குட்டை. நீள வடம் நகரத்திலிருந்துதான் வரவேண்டும்.

அதெல்லாம் எதற்கு, புரோகோர் வருகிறானே என்றேன். என்னைப் பார்த்தாள். கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

டாக்டர்கள் இன்று காலை வந்து இறங்கிவிட்டார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, தலைத்துணி கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு கிளிகேரியா மூன்று தடவை வேலியருகே வந்து எங்கே பயணம் என்று கேட்டாள். மகன் வருகிறான் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. நண்பனின் வண்டி ரிப்பேராம்.

தயீசியா எழுந்து போய்ப் பெட்ரோல் ஊற்றினாள். விடிந்ததும் கிளம்புகிறோம்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்றுதான் வீடு திரும்பினோம். எழுதத்தான் வேண்டும். யாரிடம் சொல்வது?

நேற்று காலை பாதிச் சதுப்பு வரை நன்றாகவே போனோம். அங்கே மழையில் பாசி கிழிந்து கிடந்தது. வண்டி வயிறு வரை இறங்கிவிட்டது. அவள் கட்டையைக் கட்டிப் பார்த்தாள், கட்டையும் முழுகிப் போனது. கடப்பாரையை அறைந்து கயிற்றை மாட்டினாள், கடப்பாரை வெண்ணெயில் குத்தியது போல நழுவி வந்தது. கரையில் லார்ச் நின்றது. கண்ணெதிரே. கயிறு பாதி தூரம்கூட எட்டவில்லை. அந்த வடம் இருந்திருந்தால் எட்டியிருக்கும், அதை நானும் பார்த்தேன், ஒற்றைக் கண்ணால்.

எட்டும் தூரத்தில் நின்றது ஒன்றே ஒன்றுதான். சிலுவை.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. புரோகோரும் பிறந்த மாசமே மூச்சுத் திணறி நீலமானான். என் வீட்டுக்காரர் யெவ்சேய் வேண்டிக்கொண்டு, முழு லார்ச்சைச் செதுக்கி, சதுப்பு நடுவே அந்த மேட்டில் அடியிலுள்ள சரளை வரை தோண்டி நட்டது அது. பிள்ளை பிழைத்தான். வருஷா வருஷம் சிலுவைத் திருநாளுக்கு அவன் பெயர் பின்னிய புதுத் துண்டு கட்டுவேன். அது சாய்ந்தால் அவன் சாய்வான். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், எல்லோர் வீட்டுச் சிலுவைக்கும் அப்படித்தான்.

அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். நான் சேற்றில் இறங்கி அவள் முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, அது மரம். ஆழமா நட்ட மரம். தள்ளி நில்லுங்க."

"அது என் பிள்ளையோட உயிரு."

"உங்க பிள்ளை அங்க சௌக்கியமா இருக்கான். போறது உங்க கண்ணு."

"என் கண்ணு போகட்டும்."

கயிற்றைக் கீழே போட்டாள். இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டு, பைன் கிளை வெட்டி அடுக்கி, ஒரு முழம், ஒரு முழமாக வண்டியைத் தூக்கினாள். நானும் கிளை சுமந்தேன். நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள், டாக்டருங்க மத்தியானமே ஹெலிகாப்டர்ல போயாச்சு, ஈரத்துல மிதிக்காதீங்க என்றாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

சிலுவைத் திருநாள். துண்டு பின்னி முடித்து மடித்து வைத்திருக்கிறேன். கட்டப் போக ஆளில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

கண்ணுக்குப் பின்னால் வலி. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது. பெரிது பெரிதாக எழுதுகிறேன்.

நர்ஸ் எங்கெங்கோ போன் போட்டு ஆர்க்காங்கெல்ஸ்க் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை வட்டார நகரத்திலிருந்து சின்ன விமானம். சதுப்பு உறைந்து பனிப்பாதை இறுகும் வரை காத்திருந்தால் கண் காத்திருக்காது என்றாள். திரும்பவும் சதுப்பு.

புரோகோருக்குப் போன் செய்தேன், உன் ஊருக்குத்தான் வருகிறேன் என்று சொல்ல. வடத்தையாவது யாரிடமாவது கொடுத்து அனுப்பு என்றேன்.

"அது ஆத்துல விழுந்து போச்சும்மா. வின்ச்சோட."

பாவம், அவன் என்ன செய்வான். போன தடவை மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். சிலுவையில் கட்ட விடவில்லை என்பதையும். அவனுக்கு நெஞ்சு நிறையும் என்று நினைத்தேன். சிரித்தான்.

"கட்டியிருக்க வேண்டியதுதானே? வெறும் கட்டைம்மா அது."

வெறும் கட்டை.

யாரிடமும் சொல்லவில்லை. தயீசியாவிடம் வின்ச் ஆற்றில் போனதை மட்டும் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டே, "நீந்தத் தெரியாத வின்ச்" என்றாள்.

அக்டோபர் 10, வியாழன். நகரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்

அதே இடம். கொஞ்சம் தள்ளி, ஆனால் அதே இடம்தான். வண்டி இறங்கியது. தயீசியா இன்ஜினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் பலகையை அவிழ்த்தாள்.

"பலகை வேண்டாம். சிலுவையில கட்டு" என்றேன்.

கையை நிறுத்தினாள். நிஜமாகவா என்று கேட்கவில்லை. அதற்காக அவளை மெச்சுகிறேன். கயிறு மரத்தை அறுத்துவிடும், இடையில் வைக்கத் துணி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

திருநாளுக்குப் பின்னிய துண்டு என் மடியில் இருந்தது. போகிற வழியில் கட்டிவிடலாம் என்று எடுத்து வந்தேன். கொடுத்தேன். அவள் விரித்ததும் பெயரைப் பார்த்தாள்.

"இதையா?"

"வெறும் கட்டைதான். வெறும் துணிதான். சுத்து."

சுற்றினாள். கயிறு உருளையில் ஏறியது. சிலுவை முனகியது, நான் கேட்டேன், யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, நின்றது. பிடி விடவில்லை. யெவ்சேய் சரளை வரை தோண்டியிருந்தார். வண்டி மெள்ள மெள்ள மேலே வந்தது.

மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டோம். நாளை விமானம். தயீசியா வராந்தா பெஞ்சில் பூட்ஸோடு தூங்குகிறாள்.

இரவெல்லாம் போன் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று.

அக்டோபர் 22, செவ்வாய். ஆர்க்காங்கெல்ஸ்க்

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று வந்தான். ஆரஞ்சு கொண்டு வந்தான். உட்காரவில்லை. கீழே படகோடு வண்டி நிற்கிறதாம், குளிருக்கு முன் கொண்டுபோய் ஷெட்டில் விட வேண்டுமாம். வின்ச் போனதுக்கு தயீசியா ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். இல்லை என்றேன். நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்து ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டுத்துணியை அவிழ்த்தாள். சின்னப் பெண், என் பேத்தி வயது இருக்கும், எனக்குப் பேத்தி இருந்திருந்தால். ஜன்னலுக்குக் கூட்டிப் போய், என்ன தெரியுது சொல்லுங்க பாட்டி என்றாள்.

மரம் என்றேன். கேட் என்றேன். ஒரு கார் என்றேன், பின்னால் படகு ஏற்றிய இழுவை வண்டி. என் மகன் அதன் முன்பக்கம் குனிந்து எதையோ சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன சுத்துறாரு?"

"வின்ச். கைப்பிடி சிவப்பு."

"அவ்வளவு தூரத்துல சிவப்பு தெரியுதா! ரொம்ப நல்லா வந்திருக்கு பாட்டி."

ஆமாம். ரொம்ப நன்றாகத் தெரிந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

வீடு. பனிப்பாதை திறந்துவிட்டது. ஐஸின் மேல் கராக்காத் சும்மா உருண்டு வந்தது, யாரும் யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

கோடு தெரிகிறது. ஓரங்களில் இல்லை, நடுவில் இருக்கிறது. அது போதும் என்றார்கள்.

கிளிகேரியா வேலியருகே காத்திருந்தாள். உன் மகன் பார்த்துக்கொண்டானா அங்கே என்று கேட்டாள். என் மருமகள் பார்த்துக்கொண்டாள் என்றேன். வேறு கேள்வி இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லையாம்.

வருகிற வழியில் மேட்டருகே தயீசியா வண்டியை நிறுத்தினாள். சிலுவை பனித்தொப்பியோடு சாய்ந்து நின்றது. துண்டு அதிலேயே உறைந்து ஒட்டியிருந்தது, பெயர் நடுவே கயிறு அறுத்து இரண்டாகிவிட்டது.

"வசந்தத்துல ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து நிமித்திடலாமா அத்தை?"

நான் இறங்கிப் போய்த் துண்டைப் பிய்த்து எடுத்தேன். கையில் தகரம் போல இருந்தது. வண்டிப் பெட்டியைத் திறந்து கயிற்றின் மேல் வைத்தேன்.

"நிமித்த வேண்டாம்" என்றேன். "சேறு வந்ததும் மறுபடியும் அதிலதான் கட்டணும்."