பிழையான எழுத்துகளில் வந்தவர்கள்

இன்று காலையும் உன் பெயரை விளித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உன் இணைய முகவரி ஒன்றின் டொமைன் பதிவு முடிவடைய இருக்கிறதாம், உடனே புதுப்பிக்க வேண்டுமாம். நீ மௌத்தாகி எட்டு மாதமாகிவிட்டதை அந்த நிறுவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் படிவம் கேட்பார்கள், மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து அனுப்பச் சொல்வார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மச்சான். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தூங்காத கண்ணோடு திரையில் இருந்த உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாய்ந்தமருதில் உன் போட்டோகொப்பிக் கடையின் பின்னறையில்தான் நாம் இருவரும் ஊருக்கென்று அந்த இணையத்தளத்தைத் தொடங்கினோம். ஜனாஸா அறிவித்தல், அவசரமாக இரத்தம் தேவை, தொலைந்துபோன அடையாள அட்டை, ஓ.எல். பரீட்சையின் பழைய வினாத்தாள். கட்டாரில் இருப்பவர்கள் ஊரில் யார் மௌத்து என்பதை நம் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எழுதுவது நான். டொமைன், ஹோஸ்டிங் என்று எனக்குப் புரியாத எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது நீ. கடற்காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்த அந்தக் கணினியை நீ வாரத்துக்கு ஒருமுறை திறந்து துடைப்பாய்.

பெயர் வைத்த அன்று நான் அழகான, நீளமான பெயர்களாகச் சொன்னேன். நீ ஒன்றையும் ஏற்கவில்லை. “நம்மட ஆக்கள் தமிழ்ச் சொல்ல இங்கிலீசுல ஆளுக்கொரு மாதிரி எழுதுவானுகள். ஒரு எழுத்து பிழைச்சாலும் நம்மட பக்கம் வராது. கட்டையாப் பேர் வை, மச்சான்” என்றாய். ஐந்து எழுத்தில் ஒரு பெயர் வைத்தோம். அது நன்றாகத்தான் ஓடியது.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவைக் குறை சொல்லி நான் எழுதிப் போட்டதை, அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் நீ எடுத்துவிட்டாய்.

“என்னக் கேக்காம ஏன் எடுத்த?”

“அது கிடந்தா நாளைக்கு இந்த ஊருல ரெண்டு பேரும் தல நிமிந்து நடக்கேலா.”

“ஒனக்குப் பயம்.”

“ஓம், பயந்தான். எனக்கு மூணு புள்ள இரிக்கி.”

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ போன பிறகும் அந்த விசயத்தில் நான் உன் பக்கம் இல்லை. இதை மறைத்து உனக்கு மடல் எழுத எனக்கு வராது.

அடுத்த கிழமையே ‘கரைச்செய்தி’ என்று எனக்கென ஒரு தளம் தொடங்கினேன். கல்முனையில் ஒருவர் அமைத்துத் தந்தார். நீ சொன்னதற்கு மாறாக இருக்க வேண்டும் என்றே நீளமான பெயராக வைத்தேன். மூன்று வருடமும் சில மாதமும் ஜும்ஆவில் சலாம் சொல்லிக்கொண்டோம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒருநாள் பின்னேரம் கடையிலேயே உனக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேருக்கு எழுதிய அதே வாசகத்தில்தான் உன் ஜனாஸா அறிவித்தலையும் நான் போட்டேன். ‘அன்னார்’ என்று உன்னை எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போக எனக்கு நெடுநேரம் பிடித்தது.

வெளியாரைப் பார்க்காமல் இருந்த நான்கு மாத இத்தா முடிந்த பிறகு உன் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவளுடன் பிறந்த காக்கா முன்னறையில் இருந்தார். உன் மடிக்கணினியையும், கடவுச்சொற்கள் எழுதிய அப்பியாசக் கொப்பியையும் அவள் மேசையில் வைத்தாள்.

“இந்த சைட்ட மூடிருங்க நானா. வச்சிப் பாக்க எங்களுக்கிட்ட ஆள் இல்ல” என்றாள், அண்ணனிடம் கேட்பதுபோல்.

நீ டொமைன் வாங்கிய கணக்கைத் திறந்தேன். ஒரு டொமைன்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து இருந்தன. முதலாவது நம் பழைய பெயர். மற்ற நான்கும் என் ‘கரைச்செய்தி’. ஆனால் நான்கும் இங்கிலீசு எழுத்தில் பிழை. ஒன்றில் ஓர் எழுத்துக் குறைவு, ஒன்றில் கூடுதல், மற்ற இரண்டிலும் ‘ச்செ’ வரும் இடத்தில் வேறு வேறு எழுத்து. போட்டிக்காக வாங்கி வைத்திருக்கிறாய் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அடுத்த பக்கத்தில் ரீடைரக்ட் பட்டியல் இருந்தது. யாராவது அந்தப் பிழையான முகவரிகளில் ஒன்றை அடித்தால், அவரை அப்படியே என் தளத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நான்குக்கும் அதே கட்டளை. பதிவு செய்த திகதியைப் பார்த்தேன். நான் தளம் தொடங்கிய மூன்றாம் நாள்.

என் முகத்தைப் பார்த்து உன் மனைவிக்கு விளங்கிவிட்டது.

“ஓம் நானா, எனக்குத் தெரியும். நாந்தான் அவருக்கிட்டக் கேட்டன், கோவிச்சிக்கிட்டுப் போனவருக்கு ஏன் இதெல்லாம் எண்டு.”

“என்ன சொன்னான்?”

“‘அவன் பேர் வச்சிரிக்கிற வடிவுக்கு பாதிச் சனம் வழியிலதான் நிக்கும்’ எண்டு சிரிச்சாரு. ‘அவனுக்குச் சொல்லிராத, தெரிஞ்சாப் பேரையே மாத்திப் போடுவான்’ எண்டும் சொன்னாரு.”

மாற்றித்தான் இருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

மூடவில்லை. உன் மனைவியிடம் கேட்டு, மின்னஞ்சல்கள் எனக்கு வரும்படி மாற்றிக்கொண்டேன். பழைய தளத்தில் கிடந்த அறிவித்தல்களை ஒவ்வொன்றாக என் தளத்துக்குக் கொண்டுவந்தேன். தங்கள் வாப்பாவின் ஜனாஸா அறிவித்தலை வருடாவருடம் அந்த நாளில் திறந்து பார்க்கும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பழைய முகவரியை அடித்தால் வெறும் பக்கம் வரக்கூடாது. அதனால் ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் ஒரு ரீடைரக்ட் எழுதினேன். உன்னிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த ஒரு வரி தெரியாது. இரண்டு மாதம் கையாலேயே செய்தேன். தோள் வலித்தது. மறுபடியும் மறுபடியும் மௌத்தானவர்களின் பெயர்களைப் படிப்பது மனிதனை என்னவோ செய்துவிடுகிறது.

இன்று அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் புதுப்பித்துவிட்டேன். பிழையான நான்கில் ஒன்றுதான் அது. மற்ற மூன்றுக்கும் இதே தவணைதான், சேர்த்தே புதுப்பித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்றை உனக்கு இன்னும் சொல்லவில்லை. தளம் தொடங்கி ஒரு வருடம் நிறைந்தபோது, சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் கேட்க நான் பெருமையடித்தேன். “பாத்தீங்களா, எவ்வளவு சனம் வருது. அவன் இல்லாமயும் நான் நடத்திக் காட்டிட்டன்.” அங்கே இருந்தவர்களில் ஒருவன் உன் கடைக்கு எதிர்க்கடைக்காரன். அன்று மஹ்ரிபுத் தொழுகைக்கு முன்பே அந்தச் சொல் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். கணக்கில் இருந்த பழைய பற்றுச்சீட்டுகளை நான் ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தேன். அதற்கு அடுத்த கிழமை, நான்கு பெயரையும் நீ இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறாய்.