அறுத்த உத்தரங்கள்

ஒக்டோபர் 12, திங்கள்

மழை விட்டபாடில்லை. மேற்குக் காற்று. கோல்டிங்கில் காலை வேலை. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் லீவு. முதுகு நோவு.

சமைத்து முடித்துப் பூட்டப் போனால், குசினிக் கதவு பூட்டுப்படவில்லை. போன கிழமை பூட்டுப்பட்டது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்கிறார் என் கணவர் சீலன். ஊதினால் இறுகத்தானே வேண்டும்? மேலே விரல் நுழையும் இடைவெளி.

வாங்க: பால், வெங்காயம், பூனைக்குச் சாப்பாடு.

13, செவ்வாய்

குடையோடு வீட்டைச் சுற்றி வந்தேன். ஓக் தூண்கள், இடையில் செங்கல்லும் களிமண்ணும், மேலே பாசி பிடித்த நாணல் கூரை. கூரைப் பாரம் சுவர்கள் இரண்டையும் வெளியே தள்ளும். குறுக்கே ஓடும் உத்தரங்கள் அவற்றை இழுத்துப் பிடிக்கும். இருநூறு வருஷமாக இந்த இழுபறிதான் வீடு.

குசினிப் பக்கத் தூண் வெளியே சாய்ந்திருக்கிறது. செங்கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

ஜூலையில் நான் டொரொண்டோவில் தம்பி வீட்டில் நின்றபோது, குசினிக் கூரை உயரமாகத் தெரியவேண்டும் என்று இவர் இரண்டு உத்தரங்களை அறுத்தார். வந்து பார்த்தபோது வடிவாகத்தான் இருந்தது.

சாப்பாட்டில் கேட்டேன்.

"தச்சரிட்டைக் கேட்டுத்தானே அறுத்தனீங்கள்?"

"ஓம், ஓம். எத்தினை தரம் கேப்பீர்?"

மகள் அனிதா கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அவளுடைய அறை குசினிக்குப் பக்கத்துப் பரணில்.

14, புதன்

காற்று இன்னும் பலம். இவருக்குச் சொல்லாமல் மெட்டெயைக் கூப்பிட்டேன். வைலேயில் பழைய வீடுகள் திருத்தும் தச்சுக்காரி. மத்தியானம் வந்தாள். குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"யார் அறுக்கச் சொன்னது?" டெனிஷில் கேட்டாள்.

இவர் நிலத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான்." அதைத் தமிழில் சொன்னார். எனக்கு.

"மேலே யாராவது இருக்கிறார்களா?"

அனிதா. பள்ளிக்கூட விடுமுறை, இன்னும் படுக்கையில். கீழே நின்று கத்தினேன். காதில் பாட்டு, கேட்கவில்லை. இவர் ஏணிப்படியில் ஓடினார். மேலே எதுவோ முறிகிற சத்தம், சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. பிறகு பிள்ளையின் கால் தெரிந்தது, போர்வை தெரிந்தது, கடைசியாக இவர்.

முற்றத்தில் மழைக்குள் மூன்று பேரும். வீடு விழவில்லை. அனிதா போர்வையோடு காருக்குள் ஏறிவிட்டாள்.

15, வியாழன்

பிரெடெரிசியா, அக்கா வீடு. அனிதா சாப்பிடவில்லை. இவர் எங்கள் வீட்டடியிலேயே, பழைய மாட்டுக் கொட்டிலில். மெட்டெயும் அவளுடைய ஆட்களும் முட்டுக் கொடுத்து, சுவருக்குச் சுவர் சங்கிலி போட்டு, கொஞ்சங் கொஞ்சமாக முறுக்கி உள்ளே இழுக்கிறார்கள். அவசரப்பட்டால் களிமண் உதிருமாம்.

அக்கா: "இனி அந்த வீடு வேண்டாமடி."



16, வெள்ளி

மழை விட்டது. சோறும் மீன் குழம்பும் கொண்டு தனியாகப் போனேன். தூண் நிமிர்ந்துவிட்டது, முழுக்க இல்லை. திங்கள் புது ஓக் உத்தரங்கள் ஏற்றுவார்கள். மெட்டெயின் ஆட்கள் போனபிறகு கொட்டில் வாசலில் இவர் சொன்னார்.

"ஞாயிறு இரவு ஒரு சத்தம் கேட்டது. மரம் வெடிச்ச மாதிரி. சுவர் விலகுதெண்டு எனக்கு விளங்கினது."

"பிள்ளை மேலை படுத்திருந்தவள்."

"ஓம்."

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

தன் கைகளைப் பார்த்தார். கையில் சுண்ணாம்பு, நகத்தில் இரத்தம்.

"எழுப்பினா, ஒருத்தரிட்டையும் கேக்காமல் அறுத்ததைச் சொல்லவேணும்."

சாப்பாட்டுப் பையை அவருடைய கையில் கொடுத்தேன். கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் கேட்டது.

"எப்ப வாறீர்?"

"உத்தரம் ஏறட்டும்."