கேரேனாப்புக் கையெழுத்துப் போடமாட்டாள்

ஜூன் 3

அப்பாவை அடக்கம் செய்து முப்பத்தொரு நாள். அண்ணன் பத்திரத்தோடு வந்துவிட்டான். வீட்டில் எனக்குள்ள பங்கை ‘மனப்பூர்வமாக’ அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேனாம். “அக்கா ரெண்டு பேரும் போட்டாச்சு. நீ மட்டும் என்ன?” என்றான். வீட்டை வாங்க ஆள் தயாராம். முன்னறையில் என் தையல் மெஷின், பின்னறையில் என் கட்டில். ஒன்பது வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டியது யார்? நான் எங்கே போவேன் என்று ஒரு வார்த்தை கேட்டானா?

ஜூன் 4

பத்திரத்தில் என் முழுப் பேர். கேரேனாப்புக். வேதாகமத்தில் வருகிற யோபுவின் மகள்கள் பேரை வரிசையாக எங்கள் மூவருக்கும் வைத்தார் அப்பா. அக்காமாருக்கு வாயில் நுழைகிற பேர். கடைசிக்கு இது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட ‘ஆப்பு’ என்றுதான் கூப்பிட்டார்.

ஜூன் 6

உடுப்புக்கு அளவு கொடுக்க வந்த போதகர் மனைவியிடம் பேருக்கு அர்த்தம் கேட்டேன். வீட்டில் புத்தகம் பார்த்துவிட்டு போனில் சொன்னார். பெரியக்கா பேர் எபிரெய மொழியில் புறா. சின்னக்கா பேர் லவங்கப்பட்டை. என் பேர், கண்மை வைக்கிற கொம்பு.

நான் மைச்சிமிழ்! செத்த மனுஷனோடு சண்டை போட முடியுமா? போட்டேன், படத்தைப் பார்த்து.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் எங்கள் சபையில் மூப்பர். இன்று பிரசங்கம் அவனுடையது - யோபு. புண், சாம்பல், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது. உருகினான். ரெண்டு பேர் அழுதார்கள். மகள்கள் பேர் வருகிற இடத்தில் வேதத்தை மூடிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டான்.

வீட்டில் அப்பாவின் வேதத்தைத் திறந்தேன். யோபு அந்த மூன்று மகள்களுக்கும் அண்ணன் தம்பிகளோடு சேர்த்துச் சொத்தில் பங்கு கொடுத்திருக்கிறார். பக்கத்தில் அப்பா பென்சிலால் எங்கள் மூவரின் பிறந்த தேதியை எழுதியிருக்கிறார். யோபுவின் ஏழு மகன்களுக்கு வேதத்தில் பேர்கூட இல்லை.

இத்தனை வருஷம் வாசிக்கிறவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் மூடினான். திருட்டுப்பய.

ஜூன் 9

அண்ணன் வந்தான். வேதத்தை விரித்து வைத்தேன்.

“வாசி. சத்தமா வாசி.”

“அதெல்லாம் அந்தக் காலம்.”

“நேத்து பிரசங்கத்துல அப்படிச் சொல்லலையே.”

“உன்னைத் தெருவுல விட்டுருவேனா?”

“விடுறதுக்கு நீ யாரு? இது என் வீடும்தான்.”

பத்திரத்தை அவன் மடியில் போட்டேன்.

ஜூன் 10

போடலை. போடவும் மாட்டேன்.

ஜூன் 21

பெரியக்கா போனில்: “கூடப்பிறந்தவனோட மல்லுக்கு நிக்கிறியே, வெட்கமா இல்ல?”

இல்லை.

ஆகஸ்ட் 17

வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். அண்ணன் சபையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்று அவன் மகள், கல்லூரியில் படிக்கிறவள், துணியோடு வந்தாள். தோள் அளவு எடுக்கும்போது கேட்டாள்: “அத்தை, எங்க வீட்டுல எனக்கும் பங்கு உண்டா, தம்பிக்கு மட்டும்தானா?”

“அதை உங்கப்பாகிட்ட கேளு.”

“கேட்டேன். ‘அத்தைகிட்டயே போய்க் கேளு’ன்னாரு.”

டேப்பைக் கீழே வைத்துவிட்டு, உண்டு என்றேன்.