பேஸ் கிட்டாருக்குக் கை அளவு

நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவர் பரமசிவத்துக்கு, பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீச்சர் விஜயகுமாரி நின்றபடியே சீட்டு எழுதினாள்.

"இட்லி மூடி வச்சிருக்கேன். பேஸ் கிட்டார் செய்ற பாண்டிச்சேரிக்காரர் பத்து மணிக்கு வர்றார், தூங்கிடாதீங்க. மெட்ராஸ்காரர் மூவாயிரம் கேக்குறார், இவர் ஆயிரத்து இருநூறுதான். ஆனா செலவு ஜாஸ்தின்னு நான் கத்தினதுக்காக இவருக்கே ஆர்டர் கொடுக்க வேணாம். உங்க இஷ்டம்."

வாசல் வரை போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"மெட்ராஸ்காரர் லெட்டர்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டார். இவர்தான் உங்க கையைப் பாக்கணும்னு பஸ் ஏறி வர்றார். பாக்கெட்ல மறைக்காம காட்டுங்க. பாதி விரல் போனவருக்கு கிட்டார் எதுக்குன்னு நேத்து நான் கேட்டது தப்பு."

வகுப்பில் நாள் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததுமே கேட்டாள்.

"யாருக்குங்க கொடுத்தீங்க?"

"சீட்டைத் திருப்பிப் பாரு," என்றார் பரமசிவம்.

பின்பக்கத்தில், விரித்து வைத்த இடது கையைச் சுற்றி, பாண்டிச்சேரிக்காரர் அளவெடுத்த பென்சில் கோடு ஓடியிருந்தது. மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது, உள்ளது உள்ளபடியே.