அறிக்கையில் எழுதிய ஒரு வரி

குற்றாலம்
18-2-1961

மரியாதைக்குரிய ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு அப்துல் மஜீது எழுதுவது. இங்கு வீட்டில் எல்லோரும் சுகம். சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போன பிறகு உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

நாம் இரண்டு வருஷமாக அலைந்த காரியம் கைகூடிவிட்டது. நம் அருவிக்கரைத் துப்புரவுச் சங்கத்துக்கு அரசாங்க உதவி உத்தரவாகியிருக்கிறது. இரண்டு தள்ளுவண்டி, பிளீச்சிங் பவுடர், தெருவும் அருவிக்கரையும் பெருக்க நான்கு ஆட்களுக்குச் சம்பளம். அதிகாரி பார்வையிட்ட அன்று படிக்கட்டு பளிச்சென்று இருந்ததாகப் பாராட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அந்தத் தாளை இரண்டாம் தடவை வாசிக்க முடியவில்லை.

அந்தப் படிக்கட்டைப் பெருக்கியவள் தங்கத்தாய் அல்லவா? பெருக்கிவிட்டு வந்தவளிடம் அருவிப் பாறையையும் சுத்தம் செய்துவிடச் சொன்னோம். "தண்ணி நெறம் மாறுது மொதலாளி, மேல மழ பெய்யுது, இன்னைக்கு வேண்டாம்" என்றாள். அதிகாரியின் ஜீப் தென்காசி தாண்டிவிட்டது என்று நீங்கள் அவசரப்படுத்தினீர்கள். பாறையில் ஒட்டிக்கிடந்தது என் கடைச் சீயக்காய்ப் பொட்டலத் தாள்கள். அஞ்சு நிமிஷ வேலைதானே, போயிட்டு வா என்று நான்தான் அனுப்பினேன். வெள்ளம் வந்தபோது அவள் குனிந்திருந்தாள். கீழே ஆட்கள் ஆற்றோரம் தேடிக்கொண்டிருக்க, மேலே நாம் அதிகாரிக்கு மாலை போட்டோம். அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 'சங்கத்தின் எச்சரிக்கையை மீறித் தானாகவே சென்றாள்' என்று நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன்.

இப்போது அருவி நூலாக வற்றிவிட்டது. விடியற்காலையில் கடை திறக்கையில் பாறைப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கிறது. மூன்று நாள் போய்ப் பார்த்தேன். சருகுகள் கிடந்தபடியே கிடக்கின்றன. வீட்டில் சொன்னால் ஓதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

முந்தாநாள் அவள் மகள் முத்துவடிவு வந்தாள். அந்த நான்கு வேலையில் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். பேச்சு மீறியவள் மகளுக்கு வேலை எப்படிக் கொடுப்பது என்று நம் சங்கத்து ஆட்களே விரட்டியிருக்கிறார்கள். "எங்கம்மா சொல்லு கேக்காம போனான்னு எழுதியிருக்காமே. நெசந்தானா மொதலாளி?" என்றாள். பொய், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "போகையில பயந்தாளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வாங்கி வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு வேலை கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். தலைவராக இருந்த நீங்கள் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. உதவி நின்றுபோனால் கடைத்தெரு என்னைச் சும்மா விடாது, அதைப் பார்த்துக்கொள்கிறேன். பத்து நாள் காத்திருப்பேன். உங்கள் கையெழுத்தோடு தாள் திரும்பி வராவிட்டால் என் பெயரோடு மட்டும் இன்னொரு பிரதி அதிகாரிக்குப் போய்விடும்.

உங்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை, அண்ணாச்சி. அந்த வரி எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர். ஆண்டவன் உங்களுக்கு அங்கே நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள்,
அப்துல் மஜீது